நீலகிரி மலைச் சாப்பாடு: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்து இன்னும் இங்கேயே இருக்கிறேன். கீழேயிருந்து வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் சாப்பாட்டைப் பற்றி ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். மலையில் நல்ல சாப்பாடு நிறைய இருக்கிறது. ஆனால் சுற்றுலாப் பயணி நடக்கும் பாதையில் அது கிடைப்பதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

ஊட்டிக்கென்று ஊர்ச் சாப்பாடு உண்டா? ஹோட்டலில் எல்லா ஊரிலும் கிடைப்பதுதானே கிடைக்கிறது?

உண்டு, தாராளமாக உண்டு. ஹோட்டல் மெனுவை வைத்து முடிவு கட்டாதீர்கள். சீசனில் வரும் கூட்டத்துக்கு எது சீக்கிரம் தட்டில் விழுமோ அதைத்தான் ஹோட்டல்காரர் சமைப்பார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மலையில் படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று பல மக்கள் இருக்கிறார்கள். அப்புறம் எஸ்டேட் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள், கூடலூர் பந்தலூர்ப் பக்கம் மலையாளிகள், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஒவ்வொரு வாசனை. இவை எல்லாவற்றுக்கும் பொது என்றால் இரண்டுதான்: குளிர், வீட்டை ஒட்டிய சின்னத் தோட்டம். அந்தத் தோட்டத்தில் என்ன முளைத்திருக்கிறதோ அதுதான் அன்றைய குழம்பு.

வர்க்கி என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே சொல்கிறீர்கள்?

மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அடுக்கடுக்காக வரும்படி செய்து சுட்டெடுக்கும் ஒரு பிஸ்கட் வகை. இப்படிச் சொன்னால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் ஒரு பழைய பேக்கரியின் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். முந்தின நாளே புளிக்க வைத்த மாவைக் கொஞ்சம் புது மாவில் சேர்ப்பது பழைய முறை, ஈஸ்ட் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும். பிசைந்த மாவைப் பல மணி நேரம் ஆற விடுவார்கள். பிறகு மேஜை மேல் போட்டு இழுத்து, கொழுப்பு தடவி, மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடித்து, கடைசியில் கையாலேயே பிய்த்துத் தட்டில் வைப்பார்கள். அச்சு கிடையாது, அதனால்தான் ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. விறகு அடுப்பின் செங்கல் அறைக்குள் நீளமான கட்டையால் தட்டுகளைத் தள்ளி, வெளியே எடுக்கும்போது மேல்புறம் பொன்னிறமாகி ஓரங்கள் விரிந்திருக்கும். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி மூன்று ஊரிலும் அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வரும்.

சாப்பிடும் விதமும் முக்கியம். வெறும் வாயில் மென்றால் பாதி ருசிதான். சூடான டீயில் முக்கி, ஊறிக் கரைந்து விழுவதற்குள் வாயில் போட வேண்டும். டீயின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுமினுக்கும், கடைசி மடக்கில் சின்னச் சின்னத் துகள்கள் அடியில் கிடக்கும். அதையும் விடாமல் குடிப்பவர்கள்தான் இங்கே அதிகம். மழை நாளில் சாயங்காலம் நாலரை மணிக்கு இதைவிட ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2023இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையின் குளிரும் தண்ணீரும்தான் இந்த மொறுமொறுப்பைக் கொடுக்கின்றன, கீழே இதே ஆளைக் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னாலும் இப்படி வராது என்பதுதான் பேக்கரிக்காரர்கள் சொல்வது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

நல்ல வர்க்கியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சுற்றுலா இடங்களின் வாசலில் பாக்கெட்டில் தொங்குவதை விடுங்கள். பேக்கரி எங்கே சுடுகிறது என்று கேளுங்கள். "பின்னாலதான் அடுப்பு" என்று பதில் வந்தால் வாங்கலாம். உடைத்துப் பார்த்தால் உள்ளே தாள் தாளாகப் பிரிய வேண்டும். சாதாரண பிஸ்கட் மாதிரி ஒரே கட்டியாக உடைந்தால் அது வேறு ஏதோ. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ வேண்டாம். காரமாக மசாலா வர்க்கியும் உண்டு, குழந்தைகளுக்கு அது பிடிக்கும், ஆனால் முதல் தடவை சாதா வர்க்கிதான் வாங்க வேண்டும்.

படகர் வீட்டு அவரைக் குழம்பு என்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

படகர் மொழியில் அதன் பெயர் அவரெ உதக்க. இந்த மலையின் முதல் சாப்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் வர்க்கியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். மலையில் அவரை என்றால் ஒரே வகை கிடையாது. வெள்ளை, சிவப்பு, கருப்பு, புள்ளி போட்டது என்று தோட்டத்துக்குத் தோட்டம் நிறம் மாறும். பச்சையாகக் கிடைக்கும் காலத்தில் தோலுரித்து அப்படியே சமைப்பார்கள், மற்ற நாளில் காயவைத்து எடுத்து வைத்ததை இரவே ஊறப்போட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா செய்வதை அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். ஊறிய அவரையைக் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்துக்கொள்வார். வேறொரு பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி அதில் வீட்டில் அரைத்த படகர் மசாலாப் பொடி. காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், மிளகு இவற்றைக் கருகாமல் நன்றாக வறுத்து அரைத்தது. பொடியின் நிறம் சாம்பார்ப் பொடியைவிட ஒரு பங்கு கறுத்திருக்கும், அந்த வறுவலில்தான் வாசனையே இருக்கிறது. பிறகு அவரையைத் தண்ணீரோடு கொட்டி, பெரிய துண்டாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு மூடிவிடுவார். உருளை வெந்து ஓரம் கரையும்போது குழம்பு தானே கெட்டியாகும். அப்போது கரண்டியின் பின்பக்கத்தால் நாலைந்து அவரையை நசுக்கிவிடுவார். அவ்வளவுதான். தேங்காய் கிடையாது, புளியும் பெரும்பாலும் கிடையாது. இந்த உயரத்தில் தென்னை வளராது, அதனால் பழைய சமையலில் தேங்காய்க்கு இடமே வரவில்லை என்று நினைக்கிறேன்.

சோற்றோடு நன்றாக இருக்கும். ராகிக் களியோடு இன்னும் நன்றாக இருக்கும். மறுநாள் காலையில் சூடு பண்ணிச் சாப்பிட்டால் அதற்கும் மேல்.

கீழே எங்கள் வீட்டில் செய்தால் அந்த ருசி வருமா?

மசாலாப் பொடியும் மலை அவரையும் வாங்கிக்கொண்டு போனால் பெருமளவு வரும். பொடியைக் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்று ஊரிலும் மகளிர் குழுக்கள் செய்து விற்பதைப் பார்க்கலாம், மளிகைக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். சூப்பர் மார்க்கெட் ராஜ்மா போட்டுச் செய்யாதீர்கள், அதன் தோல் தடிப்பு வேறு, குழம்பில் சாரமே இறங்காது.

களி தவிர வேறு தானியம் உண்டா?

இப்போது தினமும் அரிசிதான், ரேஷன் அரிசி வந்த பிறகு எல்லா மலையிலும் அப்படித்தான். அதற்கு முன்னால் படகர் நிலங்களில் ராகி, சாமை, பார்லி, கோதுமை விளைந்தன. பிறகு உருளைக்கிழங்கு வந்தது, பிறகு தேயிலை, தானியம் போட நிலம் மிஞ்சவில்லை. ராகி ஹிட்டு, அதாவது ராகிக் களி, இன்னும் பல வீடுகளில் கிண்டுகிறார்கள், சூடாக உருட்டி நடுவில் குழி பண்ணி நெய் விட்டுத் தருவார்கள். மென்று சாப்பிட வேண்டியதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டியதுதான். சாமை திரும்பவும் சில இடங்களில் போடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

விசேஷ நாளில் என்ன செய்வார்கள்?

படகர் ஊர்களை ஹட்டி என்பார்கள். ஹட்டியில் விசேஷம் என்றால் ஒரு வீட்டு வேலை கிடையாது, ஊரே சேர்ந்து சமைக்கும். மார்கழி, தை வாக்கில் ஹெத்தையம்மன் பண்டிகை வரும். பேரகணியில் கூடும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும், வெள்ளை உடுத்தி மலை மலையாக நடந்து வருவார்கள். ஆனி, ஆடிப் பக்கம் அறுவடையை ஒட்டித் தெவ்வ ஹப்பா. மாடுகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதற்கென்றே உப்பாட்டுவ ஹப்பா என்று ஒரு பண்டிகை இருக்கிறது. பாலும் நெய்யும் இவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பலகாரத்தில் துப்பதிட்டு, எண்ணெஹிட்டு இரண்டையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மாவைப் பிசைந்து தட்டிப் பொரிக்கும் பலகாரங்கள். துப்பதிட்டு பெரிதாக, மெத்தென்று இருக்கும், ஒன்றைப் பிய்த்து இரண்டு மூன்று பேர் சாப்பிடலாம். யாராவது விசேஷ வீட்டிலிருந்து வந்தால் பையில் இது இருக்கிறதா என்றுதான் குழந்தைகள் முதலில் பார்ப்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் படகர் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

நேர்மையான பதில்: யாராவது ஒருவர் வீட்டில். படகர் சாப்பாடு என்று போர்டு போட்ட சில கடைகளும் வீட்டோடு சேர்ந்த தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. தங்கும் இடத்தில் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அவரை ஊற வேண்டும் இல்லையா? வண்டி ஓட்டுபவர், தேயிலைத் தோட்டத்தில் பேச்சுக் கொடுப்பவர், யாராக இருந்தாலும் மரியாதையாகக் கேட்டால் வழி சொல்வார்கள். கோயில் விசேஷத்தின்போது ஹட்டிக்குள் போக நேர்ந்தால் செருப்பு எங்கே கழற்ற வேண்டும், எங்கே படம் எடுக்கக் கூடாது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வா என்று ஒருமுறை சொல்லிவிட்டால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள்.

தோடர்கள் என்ன சாப்பிடுவார்கள்?

சைவம். எருமைப் பால், மோர், வெண்ணெய், நெய், அதோடு சோறு. அரிசியைப் பாலிலோ மோரிலோ வேகவைத்து நெய் விட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். தோடா எருமை தனி இனம், கொம்பு அகலமாக வளைந்து போகும், பால் மிகக் கெட்டி. கோயிலே பால் வேலை நடக்கும் இடம்தான், அங்கே உள்ள எருமைகளின் பாலைத் தொடுவதற்கே தனி விதிகள் இருக்கின்றன. புல்வெளிகளில் யூகலிப்டஸும் சீகை மரமும் நட்ட பிறகு மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, எருமைகளும் குறைந்துவிட்டன. அந்தச் சாப்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் புல்லைக் காப்பாற்ற வேண்டும். மந்துக்குப் போய்ச் சாப்பாடு கேட்காதீர்கள், அது அவர்கள் குடியிருக்கும் இடம்.

இந்தக் குளிரில் இட்லி மாவு புளிக்குமா? பருப்பு வேகுமா?

வாடகை வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது தெரியும், ஆனால் சூடு போதாது, அதனால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தால் பொழுது போய்விடும். குக்கர்தான் வழி, கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூட வையுங்கள். மாவுக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, உளுந்தைக் கொஞ்சம் கூடப் போட்டு, கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஒரு ராத்திரி போதாது, மறுநாள் மதியம் வரைக்கும் விடுங்கள். தயிருக்கும் இதே வைத்தியம்தான். அவசரப்பட்டுச் சோடா உப்புப் போடாதீர்கள், இட்லி உப்பும் ஆனால் ருசி போய்விடும்.

ஊட்டி உருளைக்கிழங்குக்கு அப்படி என்ன விசேஷம்?

மாவுத்தன்மை. வேகவைத்து உரித்தால் கையிலேயே உதிரும், குழம்பில் போட்டால் சாரத்தை இழுத்துக்கொள்ளும், பொரித்தால் ஓரம் மொறுமொறுவென்று வரும். 19ஆம் நூற்றாண்டில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து போட்ட பயிர், இன்று அது இல்லாமல் எந்த வீட்டிலும் குழம்பு கிடையாது. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருஷத்தில் மூன்று போகம் வரும்.

ஆனால் ஒரு சோதனையும் உண்டு. 1961இல் இந்த மண்ணில் உருளையின் வேரைத் தின்னும் நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது விதைக்கிழங்கோடு வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதால் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களை முத்தோரையில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில்தான் பெற்றோம். தேயிலை பரவியதும் உருளை நிலம் குறைந்தது, விலை கூடியது. அதனால் வேறு மாநிலக் கிழங்கெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து ஊட்டிக் கிழங்கோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மண்ணை எதன் மேலும் பூசலாம். உழவர் சந்தையில் வாங்குங்கள், விளைவித்தவரே எடை போடுவார்.

வேறு என்ன காய் வாங்கலாம்?

இங்கிலீஷ் காய் எல்லாமே. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு பக்கம் போனால் கேரட்டை மெஷினில் கழுவி மூட்டை கட்டுவதைப் பார்க்கலாம். மண்ணோடு பிடுங்கிய கேரட்டை அங்கேயே ஒன்று கேட்டு வாங்கித் துடைத்துக் கடியுங்கள், பழம் தோற்கும். பீட்ரூட், நூக்கல், டர்னிப், பச்சைப் பட்டாணி, பட்டர் பீன்ஸ் எல்லாம் நன்றாக இருக்கும். மேரக்காய், அதாவது சௌசௌ, எங்கள் வீடுகளில் கூரை மேலேயே படர்ந்து கிடக்கும், அதைக் காசு கொடுத்து வாங்குவது எங்களுக்குப் பழக்கமில்லை.

பூண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலைப் பூண்டு காரமும் வாசனையும் அதிகம், நாள்படத் தாங்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலத்துக்கு வரும்போது வட மாநில வியாபாரிகள் விதைக்காகவே வாங்கிப் போவார்கள், சில வருஷம் விலை தாறுமாறாக ஏறும். பழனி மலைப் பக்கத்துக் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் நல்ல பூண்டுதான், அந்த ஊர்க்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கூடலூர் பக்கம் போகிறோம், அங்கே என்ன சாப்பிடலாம்?

அது வேறு உலகம். ஊட்டியைவிட மிகத் தாழ்ந்த இடம், மழை அதிகம், வயநாடு பக்கத்திலேயே. கப்பைக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும், புட்டும் கடலையும், கட்டன் சாயா, பழம்பொரி எல்லாம் டீக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் நீங்கள் தேட வேண்டியது இன்னொன்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆன பிறகு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் திரும்பி வந்தன, அவர்களில் பலரை இந்த மாவட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களே உருவாயின. அந்தக் குடும்பங்கள் எஸ்டேட்டில் தின்ற தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் கூடவே கொண்டு வந்தார்கள். கோதுமை மாவில் தேங்காய்ப் பூவைப் போட்டுப் பிசைந்து கல்லில் தடிமனாகச் சுட்ட ரொட்டி, காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் தேங்காயும் வைத்து அம்மியில் இடித்த சம்பல், பக்கத்தில் வெறும் தேத்தண்ணி. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் காலையில் இதைச் சாப்பிட்டுப் போனால் மதியம் வரைக்கும் பசிக்காது. நீலகிரிச் சாப்பாடு என்று எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சேர்ப்பதில்லை, எனக்கு அது வருத்தம். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மண்ணில் பாடுபட்டவர்களின் சாப்பாடு இந்த மண்ணின் சாப்பாடுதான்.

எந்தப் பழம் எந்த மாதத்தில்?

மே, ஜூனில் பிளம்ஸும் பீச்சும். மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஊட்டிப் பேரிக்காய், கடிக்கக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுச் சாப்பிடுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாரில் மங்குஸ்தானும் துரியனும் மழைக்காலத்தில் கிடைக்கும், அங்கே இருக்கும் அரசுப் பழப்பண்ணை வெள்ளைக்காரர் காலத்தது. கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசன் வந்தால் யானைகளும் வந்துவிடும். அந்த மாதங்களில் வண்டியை நிறுத்திப் பழம் வாங்குவதற்கு முன் சுற்றுமுற்றும் பாருங்கள், இருட்டின பிறகு நிறுத்தவே வேண்டாம்.

காட்டுப் பழத்தில் தவிட்டுப் பழம். ஊதா நிறம், நெல்லிக்காயைவிடச் சிறிது, உள்ளே பொடிப்பொடி விதை, இனிப்பும் லேசான துவர்ப்பும். சாலையோரம் சின்ன டப்பாவில் விற்பார்கள், வாங்கின கையோடு தின்றுவிடுங்கள், சாயங்காலம் வரைக்கும் தாங்காது.

மரத் தக்காளியை என்ன செய்வது? புளிக்கிறதே!

அப்படியே கடித்தால் புளிக்கத்தான் செய்யும். தோலும் கசக்கும். தணலில் அல்லது கேஸ் அடுப்பில் தோல் வெடிக்கிற வரைக்கும் சுட்டு, உரித்து, பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, கல் உப்பு வைத்து அம்மியில் நசுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் விதை அரைந்து கசப்பு இறங்கிவிடும், கையால் மசித்தாலே போதும். சுடு சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஹோம்மேட் சாக்லேட் நல்லதா?

கொக்கோ மரம் ஊட்டிக் குளிரில் வளராது. பொள்ளாச்சி, கேரளம் மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் தென்னைக்கு ஊடே வளரும் மரம் அது. இங்கே நடப்பது உருக்கி, முந்திரி, திராட்சை சேர்த்து, அச்சில் ஊற்றுவது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்திலேயே இந்தக் குளிரில் தானாக இறுகிவிடும் என்பதால் வீட்டு வீட்டுக்குத் தொழிலாக வளர்ந்தது. நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கொக்கோ பட்டரா, தாவரக் கொழுப்பா? கொக்கோ பட்டர் போட்டது நாக்கில் வைத்ததும் உருகும், விலை கூட. தாவரக் கொழுப்புப் போட்டது வாயில் மெழுகு மாதிரி நிற்கும், விலை குறைவு, வெயில் ஊருக்குப் போனாலும் அவ்வளவு சீக்கிரம் உருகாது. லேபிளே ஒட்டாத பெட்டியை வாங்காதீர்கள்.

தேன்?

குறும்பர்களும் இருளர்களும் எடுக்கும் மலைத்தேன்தான் உயர்ந்தது. பாறை முகட்டில் பெருந்தேனீ கட்டும் அடையை, காட்டுக் கொடியில் பின்னிய ஏணியில் இருட்டில் இறங்கி, புகை போட்டு எடுப்பார்கள். ஏணியைப் பிடித்து மேலே நிற்பவர் யார் என்பதற்குக்கூட உறவுமுறைக் கணக்கு உண்டு. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை 1990களிலிருந்து இவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது, அவர்கள் வழியாக வரும் தேனை நம்பி வாங்கலாம். மலைத்தேன் நீர்த்திருக்கும், திறக்கும்போது லேசாக நுரைக்கும், அதனால் கலப்படம் என்று நினைக்காதீர்கள். நாவல் பூத்த பருவத்துத் தேன் கொஞ்சம் கசக்கும், தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். சாலையோரத்தில் பாதி அடையைக் காட்டிக்கொண்டு பாட்டிலில் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

நல்ல டீத்தூள் எது?

உங்கள் வீட்டில் பால் ஊற்றிக் கொதிக்க வைப்பீர்கள் என்றால் சாதாரண டஸ்ட் போதும். கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வின் தூளை வாங்கினால் சிறு விவசாயிக்குப் பணம் போகும். பால் இல்லாமல் குடிப்பீர்கள் என்றால் நீலகிரி ஆர்தோடாக்ஸ் இலைத்தேயிலை வாங்குங்கள். கொதித்த தண்ணீரை இலையில் ஊற்றி மூன்று நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுங்கள், இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். ஐஸ் போட்டாலும் கலங்காமல் தெளிவாக நிற்பது இந்தத் தேயிலையின் குணம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் பறித்த கொழுந்தின் தூளுக்குத் தனி வாசனை, கிடைத்தால் விடாதீர்கள்.

அசைவத்தில் ஏதாவது?

படகர் மசாலாவில் செய்த நாட்டுக்கோழிக் குழம்பு. அவரெ உதக்கவுக்கு உள்ள அதே பொடி, இன்னும் கொஞ்சம் மிளகு. களியோடு சாப்பிட வேண்டும். அவலாஞ்சிப் பக்கத்து டிரவுட் மீனைப் பற்றிக் கேட்பார்கள். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்காக ஓடைகளில் விட்ட மீன் அது, எங்கள் சமையலுக்குள் வரவே இல்லை.

ஊருக்குப் போகும்போது எப்படிக் கட்டிக்கொண்டு போவது?

துணிப்பையும் ஒரு தகர டப்பாவும் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்கும் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள், அபராதமும் உண்டு. வர்க்கியை டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால் இரண்டு வாரம் தாங்கும். மடியில் வைத்துக்கொண்டு போங்கள், டிக்கியில் வைத்தால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பாதி தூளாகிவிடும். பேரிக்காயும் உருளையும் அடியில், பிளம்ஸ் மேலே. கேரட்டின் தழையை வாங்கின உடனே திருகி எறிந்துவிடுங்கள், தழையோடு வைத்தால் கிழங்கு வதங்கும். சாக்லேட்டைக் கடைசி நாள் வாங்கினால் போதும். காய்ந்த அவரையை மட்டும் ஒரு கிலோ கூடவே வாங்குங்கள், போன வாரம் வந்துவிட்டுப் போனவர்கள் இப்போது எனக்குப் போன் பண்ணிக் கேட்பது அதைத்தான்.